ஒன்பது டிரைவ்களும் ஒரு ‘டுக்’கும்

1

“உங்க டிரைவ் முனகுது.”

“அது முனகல் இல்லீங்க. மூச்சு விடுது.”

“அப்போ மத்த எட்டும் மூச்சு விடாமயா வேலை செஞ்சுது?”

“அதுங்களுக்கு உயிர் இல்ல.”

“அப்படியே எழுதிடவா? ‘உயிருள்ள டிரைவ், அதனால் இரண்டாம் இடம்’னு?”

“எழுதுங்க. முதல் பாதியை மட்டும்.”

இந்தக் கதைக்கு என் கையில் இருக்கும் முதல் இவ்வளவுதான். ஒளித்துவைக்க விரும்பவில்லை, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாதனக் கடைகள் நிறைந்த அகிஹபாராவில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கறிச்சோற்றுக் கடை இருக்கிறது. வீட்டுக் கணினிக்கு ஒரு டிவிடி டிரைவ் வாங்கப் போய், எதை வாங்குவது என்று தெரியாமல் கால் வலித்து, அங்கே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டார்கள். ஒரே ஜாடியிலிருந்து மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றிக்கொடுத்தார்கள். கிளம்பும்போது ஆளுக்கொரு பில். அதில் எனக்கு ஆச்சரியமில்லை, இங்கே எல்லோரும் அப்படித்தான். ஆனால் அவர் தன் பர்ஸிலிருந்து, வேகவைத்த முட்டை ஒன்று இலவசம் என்கிற கடைக் கூப்பனை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை ஒற்றை விரலால் திருப்பி நகர்த்தினாள்.

“முட்டை கூட வேண்டாமா?”

“உங்ககிட்டேர்ந்து முட்டை ஓடு கூட வேண்டாம்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். அவரும் வருத்தப்படாமல் கூப்பனை உள்ளே வைத்துக்கொண்டார். சொல்லப்போனால் அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

ஒரு பெண் ஒரு முட்டையை மறுத்ததற்கு ஒரு ஆண் ஏன் பெருமைப்பட வேண்டும்? நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை.

2

தொடக்கங்களில் நான் தடுமாறினேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘இலையுதிர்காலத்து இளவெயில் குமகாயா நகரத்துக் கூரைகளின் மேல் பொன்னாக —’

[வேண்டாம். இசோபே, அதாவது முட்டைக் கூப்பன்காரருக்கு நான் வைத்த பெயர், கூரையைப் பார்க்கிற ஆள் இல்லை.]

இரண்டாம் தொடக்கம்: ‘இசோபே தெய்ஜிக்கு நாற்பத்திரண்டு வயது. மனைவியை இழந்த துக்கத்தில் அவர் —’

[இதுவும் வேண்டாம். என் நாயகர்களுடைய மனைவிமாரில் போதுமான பேரை நான் ஏற்கெனவே கொன்றுவிட்டேன். இவர் கல்யாணமே ஆகாதவர். இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள்.]

மூன்றாவது, நிலைத்தது:

இசோபே தெய்ஜி தன் வாழ்க்கையின் இரண்டு குளிர்காலங்களை ஒரு ‘டுக்’கை ஒழிப்பதில் செலவிட்டவர்.

டிவிடி டிரைவின் தட்டு உள்ளே போகும்போது, கடைசி விரற்கடையில் ஒரு சத்தம் வரும். தட்டு வந்து நிற்கும், உள்ளிருந்து ஒரு பிடி எழும்பி டிஸ்க்கைக் கவ்வும். டுக். எல்லாக் கம்பெனி டிரைவிலும் வரும், யாரும் கவலைப்படுவதில்லை. இசோபே கவலைப்பட்டார். அவருடைய கம்பெனி* தொழிற்சாலை குமகாயாவில் இருக்கிறது. அங்கே தட்டும் அதை இழுக்கும் பற்சக்கரங்களும் அவர் பொறுப்பு. கடைசி விரற்கடையில் மோட்டாரைத் தயங்கவைத்தார். பிடிக்குக் கீழே ரப்பரை மாற்றினார், பிறகு ரப்பரின் வடிவத்தை மாற்றினார். ஒருநாள் தட்டு போனது, நின்றது, கவ்வியது. எதுவும் கேட்கவில்லை. இசோபே எழுந்து நின்று, ஆளில்லாத அறையில், அந்த டிரைவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். [இதை எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன். அவர் வணங்கியிருப்பார்.]

அதே டிரைவைத்தான், முட்டையை மறுத்த கொதானி இட்சுகோ தன் பத்திரிகை ஒப்பீடுகளில் தொடர்ந்து இரண்டாம் இடத்தில் போட்டுவந்தாள். தட்டு மூடுவதில் குறை சொல்லவில்லை. டிஸ்க் சுழலும்போது முனகுகிறது என்றாள். சுழற்சி வேறு பிரிவின் வேலை. அதை இசோபே அவளிடம் சொன்னதே இல்லை. ஒன்பது டிரைவ்களில் தன்னுடையது முனகுகிறதென்றால், அது தன்னுடைய முனகல்தான்.

முதல் தடவை அவள் ஆபீஸுக்கு நியாயம் கேட்கப் போனார். இரண்டாம் தடவை சண்டை போடப் போனார். மூன்றாம் தடவை எதற்குப் போனார் என்று அவரைக் கேட்டால் காது சிவக்கும். அன்று கண்டா ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது ஒரு முடிவு செய்தார்: என் டிரைவ் என்றைக்கு முதலிடத்துக்கு வருகிறதோ, அன்றைக்கு அவளிடம் கேட்டுவிடுவேன், என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி. இரண்டாம் இடத்துக்காரனாகப் போய் நிற்கமாட்டேன்.

வாசகரே, அவர் எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் சபதமாக எடுத்துக்கொண்டார் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். அவருக்கு இன்னும் தெரியாது.

(* கம்பெனியின் பெயரும் பத்திரிகையின் பெயரும் சொல்லமாட்டேன். அகிஹபாராவை அறிந்தவர்கள் ஊகிப்பார்கள். தவறாகத்தான் ஊகிப்பார்கள், இரண்டும் நான் கட்டியவை.)

3

இட்சுகோவை எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். இல்லை.

வீட்டுக் கணினிகளுக்கான ஒரு மாத இதழில் வேலை. மே மாதம் ஒன்றும் நவம்பரில் ஒன்றுமாக, சந்தைக்குப் புதிதாக வந்த டிரைவ்களை ஒப்பிட்டு எழுதுவாள். கம்பெனிகள் அனுப்பும் மாதிரிகளைத் தொடமாட்டாள். அவை பொறுக்கி எடுத்துத் துடைத்து அனுப்பப்பட்டவை என்பது அவள் கட்சி. ஆபீஸ் பணத்தை எடுத்துக்கொண்டு அகிஹபாராவுக்கு நடந்துபோய், சாதாரண வாடிக்கையாளர் மாதிரி அலமாரியிலிருந்து ஒன்பது பெட்டிகள் வாங்கிவருவாள். புதுவருஷத்துக்குக் கம்பெனிகள் கொடுக்கும் காலண்டர் வாங்கமாட்டாள். தேநீர் வாங்கமாட்டாள். முட்டை வாங்கமாட்டாள்.

‘அவள் கண்களில் ஒரு மெல்லிய சோகம் —’

[இல்லவே இல்லை. அவள் கண்களில் இருந்தது கண்ணாடி.]

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் நவம்பர் ஒப்பீட்டில் அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. ஒன்பது டிரைவ்களும் ஒரே வேகம். ஒன்பதும் இரண்டடுக்கு டிஸ்க்கில் எழுதின. பிழை விகிதத்தில்கூடப் பெரிய வித்தியாசமில்லை. ஆக, இந்த முறை இடங்களைத் தீர்மானிக்கப்போவது காது சோதனைதான்.

காது சோதனை அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. எந்த டிரைவ் யாருடையது என்று தெரியாமல் கேட்பாள். அந்த வருஷம் இங்கே விற்ற டிரைவ்களின் பெட்டிக்குள் வெள்ளையில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக, முன்பக்கத்தில் மாட்டும் இரண்டு முகப்புகள் இருக்கும். கணினியின் நிறத்துக்கு ஏற்றதை மாட்டிக்கொள்ளலாம். அதனால் முகப்பைக் கழற்றுவது எளிது. ஒன்பதின் முகப்புகளையும் கழற்றி, எண் எழுதிய பைகளில் போடுவாள், அதே எண்ணை டிரைவின் அடியிலும் எழுதுவாள். மேலே ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டின் மேல் கறுப்புத் தாள் ஒட்டி, ஓரம் முழுக்கப் பசை தடவுவாள். பிறகு தான் வைத்த வரிசை தனக்கே மறக்கும்படி எல்லாவற்றையும் கலைப்பாள்.

கேட்டு முடித்து, மதிப்பெண் போட்டு, எண்படி முகப்புகளை மாட்டுவாள். முகப்பில் பெயர் இருக்கும், அதை வைத்துப் பட்டியல் தயாராகும். கறுப்புத் தாளை மட்டும் இதழ் அச்சாகும்வரை கிழிக்கமாட்டாள். சந்தேகம் வந்தால் திரும்பவும் முகப்பைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும், அப்போதும் தெரிந்துவிடக் கூடாது.

இவ்வளவு நேர்மையாக இருந்த ஒருத்தியால் மட்டுமே செய்ய முடிந்த ஒரு தவறு அந்த நவம்பரில் நடந்தது. சீட்டைப் பார்த்தே பெயர் எழுதும் சோம்பேறிகளுக்கு அது நடக்கவே நடக்காது.

(கணினியில் மாட்டியதும் டிரைவின் பெயர் திரையில் வந்துவிடுமே என்று கேட்கும் விவரமான வாசகருக்கு: ஆமாம், வரும். ஆகவே காது சோதனையில் கணினியே கிடையாது, மின்சாரம் மட்டும். தட்டைத் திறந்து மூடவும், டிஸ்க் சுழலத் தொடங்கவும் அது போதும். நானும் முதல் வரைவில் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன்.)

4

அச்சுக்குப் போகும் முன், அந்தந்தக் கம்பெனிக்கு அவரவர் பகுதியை மட்டும் ஃபேக்ஸில் அனுப்புவது இதழின் வழக்கம். எடையும் விலையும் சரியா என்று பார்த்துச் சொன்னால் போதும். காலை பத்து மணி தேநீர் வேளையில் அந்தத் தாள் குமகாயாவுக்கு வந்தது. பிரிவுத் தலைவர் நெமோத்தோ அதைப் படித்துவிட்டு, பாதிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“டேய், எல்லாரும் இங்க வாங்கடா. இசோபே! இசோபே எங்க?”

“இங்கதான் இருக்கேன், தலைவரே.”

“முதலிடம்!”

முதலிடம். யாரோ கைதட்டினார்கள். யாரோ இசோபேயின் முதுகில் ஓங்கி அறைந்தார்கள். நெமோத்தோ தொலைபேசியை எடுத்து, பெட்டிமேல் ஒட்டுவதற்குத் தங்கநிற வட்ட ஸ்டிக்கர் அச்சடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். “வட்டமா. டிஸ்க் மாதிரியே வட்டமா. நடுவுல ‘முதலிடம்’. இல்ல, இன்னும் பெரிசா!”

இசோபே தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். அவர் நினைத்தது ஸ்டிக்கரை அல்ல. இன்றைக்கே போகலாமா, நாளைக்குப் போகலாமா? இந்தச் சட்டையோடு போகலாமா?

பிறகு தாள் அவர் கைக்கு வந்தது.

‘சுழலும்போது இருப்பதே தெரியவில்லை. தட்டு மூடும்போது மட்டும் கடைசியில் சின்னதாக ஒரு டுக். மன்னித்துவிடலாம். முதலிடம்.’

மறுபடி படித்தார். தன் மேஜைக்குப் போனார். அங்கிருந்த டிரைவைத் திறந்து மூடினார். எதுவும் கேட்கவில்லை. கீழே இறங்கி, பெட்டியில் அடைக்கப்படக் காத்திருந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து மின்சாரம் கொடுத்தார். திறந்தார், மூடினார். எதுவும் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை.

பக்கத்தில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்தாள். “ஏதாவது கோளாறாங்க?”

“இல்லம்மா,” என்றார் இசோபே. “கோளாறே இல்ல. அதான் பிரச்சனை.”

முதலிடம் பெற்ற டிரைவ் அவருடையது அல்ல.

5

இங்கே நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

என் சந்தேகம் இசோபேயின் மேல். ஒரு மனிதர் இதைப் போய்ச் சொல்வாரா? சொல்லாமல் இருக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. தவறு அவருடையது அல்ல. பிரிவே கொண்டாடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் மேல், காத்திருந்த நாள் வந்துவிட்டது. சபதப்படி இன்று கேட்கலாம்.

அப்படியே ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். அதில் அவர் மௌனமாக இருக்கிறார், கேட்கிறார், அவள் தலையசைக்கிறாள், யுஷிமா கோயிலில் கல்யாணம், பிளம் பூக்கள். என் வழக்கமான வாசகிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த இசோபேயோடு ஒரு வேளை கறிச்சோறு சாப்பிடக்கூட எனக்கு மனம் வரவில்லை. தன் டிரைவின் குரல் தெரிந்த மனிதர், வேறொரு டிரைவின் குரலைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு அவளிடம் போய் நிற்பதா?

கிழித்துப் போட்டேன். மேலே போகிறேன்.

“வாயை மூடிக்கிட்டு இரு,” என்றார் நெமோத்தோ. இருவரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். “அவங்க காது, அவங்க தப்பு. அந்தம்மாவுக்கு டுக்குனு கேட்டுச்சு, மன்னிச்சிட்டாங்க. மன்னிச்சவங்ககிட்ட போய் ‘எதுக்கு மன்னிச்சீங்க’ன்னு கேப்பியா?”

“அந்தம்மாவுக்கு இல்லாத சத்தம் கேக்காது, தலைவரே.”

“அவ்வளவு நம்பிக்கையா?”

“எங்கேயோ டிரைவ் மாறியிருக்கு. காது மாறல.”

“சரி, மாறியிருக்கட்டும். நம்ம டிரைவ் எத்தனை தடவை நியாயமில்லாம ரெண்டாவதா வந்திருக்கு? அதுக்கு இது சரியாப் போச்சு.”

“எல்லாத் தடவையும் நியாயமாத்தான் வந்துச்சு. முனகுதுல்ல.”

நெமோத்தோ அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எந்தக் கம்பெனில வேலை பாக்கற?”

“டுக்குனு சத்தம் வராத கம்பெனில.”

தலைவர் மூக்கைச் சொறிந்துகொண்டே சொன்னார்: “ஸ்டிக்கர்காரனுக்கு நான் என்னடா சொல்றது? அவன் இன்னும் பெரிசாப் போட ஆரம்பிச்சிருப்பான்.” அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு இசோபே கோட்டைத் தூக்கிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் கத்தல் கேட்டது: “ரெண்டாவதுக்கு ஸ்டிக்கர் கிடையாது, தெரியும்ல!”

ரயிலில், உயெனோ ஸ்டேஷன் வரும் வரை, தான் எதை இழக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வந்தார். முதலிடத்தை நினைக்கவில்லை. கேட்க வேண்டியதை இனி எப்போது கேட்பது என்று நினைத்தார். இந்த முறை இல்லை என்றால் மே மாதம். மே மாதமும் முனகினால்? சபதம் செய்தவர் அவர், மாற்றும் உரிமையும் அவருக்குத்தான். ஆனால் தோற்ற பிறகு விதியை மாற்றுவது அவர் பழக்கமில்லை.

6

இதழின் ஆபீஸ் கண்டாவில், ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடி. அவர் உள்ளே வந்ததும் இட்சுகோ பேனாவை வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

“அட, இசோபேசான். இந்தத் தடவையாவது வரமாட்டீங்கன்னு நினைச்சேன்.”

“ஏன்?”

“முதலிடம் வந்தவங்க யாரும் சண்டைக்கு வந்ததில்ல.”

“சண்டைக்குத்தான் வந்திருக்கேன்.”

“முதலிடம் குடுத்தாலுமா! உங்களுக்கு என்னதான் வேணும்?” சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. [போகலாம். கதவு திறந்துதான் இருந்தது. நான் மூடவில்லை.]

“கொதானிசான், அது எங்க டிரைவ் இல்ல. எங்களுது டுக்குங்காது.”

சிரிப்பு நின்றது. அவள் முதுகு நிமிர்ந்தது. “என் சோதனைல தப்புங்கறீங்களா?”

“உங்க காதுல தப்பில்ல.”

“நான் கேட்டது அது இல்ல.”

“ஆமா. சோதனைல தப்பு.”

அந்த அறையில் வேலை பார்த்த மற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மேஜைமேல் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. இட்சுகோ எழுந்து அலமாரிக்குப் போனாள். ஒன்பது டிரைவ்கள் கறுப்புத் தாளோடு வரிசையாக இருந்தன. இசோபேயின் கம்பெனி முகப்பு மாட்டியிருந்ததை எடுத்து மேஜையில் வைத்து மின்சாரம் கொடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். தட்டு வந்தது, போனது.

டுக்.

“சின்னதுதான்,” என்றாள்.

“சின்னதோ பெரிசோ, எங்களுது இல்ல. ரெண்டாவதா வந்தது எது?”

அவள் இன்னொன்றை எடுத்தாள். ஓசாகாக் கம்பெனி ஒன்றின் பெயர் அதன் முகப்பில் இருந்தது. தட்டு வந்தது. போனது.

எதுவும் கேட்கவில்லை.

இசோபே அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்த் திருவிழாவில் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு நிற்கும் தன் பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

“ரெண்டு கம்பெனிக்கும் முகப்பு வார்க்கறது தொச்சிகில இருக்கற ஒரே பட்டறைதான்,” என்றார். “தொழில்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளிய சொல்லமாட்டோம். இதோட முகப்பு அதுக்குப் பொருந்தும். பை மாறிப் போயிருக்கணும்.”

அவள் மேஜை இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

“நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.”

“எதுக்கு?”

“இது என் சோதனை. முதல்ல நான்தான் பாக்கணும்.”

இசோபே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. அவள் ஓரம் முழுக்கப் பசை தடவியிருந்ததால் அது லேசில் வரவில்லை. பிறகு இன்னொரு தாள்.

“திரும்புங்க,” என்றாள்.

சத்தமில்லாமல் மூடிய பெட்டியின் மேல் அவருடைய கம்பெனிச் சீட்டு இருந்தது.

அவள் தொலைபேசியை எடுத்தாள். அச்சகத்துக்காரரோடு பேசிய குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “ஒப்பீட்டுப் பக்கங்களை நிறுத்துங்க. ரெண்டு டிரைவோட காது மதிப்பெண் இடம் மாறிப்போச்சு. ஆமா, தப்பு என்னோடதுதான். யார் கண்டுபிடிச்சாங்களா?” இசோபேயை ஒருமுறை பார்த்தாள். “கேட்டா நம்பமாட்டீங்க.”

புரூஃபில் சிவப்புப் பேனாவால் இரண்டு பத்திகளுக்கு நடுவே அம்புக்குறி போட்டாள். முதலிடம் ஓசாகாவுக்குப் போனது. இரண்டாம் இடம் குமகாயாவுக்கு வந்தது. இசோபே எட்டிப் பார்த்தார். தனக்கு வந்து சேர்ந்த பத்தியை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார்.

‘சுழலும்போது முனகுகிறது. ஆனால் தட்டு மூடுவதைக் கேளுங்கள். இல்லை, கேட்காது. இந்த ஒன்பதில் இதைச் செய்தவருக்கு மட்டும், வீட்டில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கிறது. இரண்டாம் இடம்.’

“இது,” என்றார், “யாருடையதுன்னு தெரியாம எழுதினதா?”

“தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கமாட்டேன். உங்களுக்குத் தலைக்கனம் ஏறிடும்.”

“ஏறிடுச்சு.”

“பாத்தாலே தெரியுது.”

இருவரும் அந்தச் சிவப்பு அம்புக்குறியைப் பார்த்தபடி நின்றார்கள். அவள், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“இத்தனை வருஷத்துல என் சோதனைல தப்பு கண்டுபிடிச்ச ஒரே ஆள் நீங்க. அதுவும் உங்களுக்கே நஷ்டம் வர்ற மாதிரி. நானா இருந்தா வந்திருப்பேனான்னு யோசிக்கறேன்.”

“வந்திருப்பீங்க.”

“எப்படித் தெரியும்?”

“முட்டையே வாங்காதவங்க, முதலிடத்தை வாங்கிப்பீங்களா?”

7

முடிவுக்கு வந்துவிட்டேன். வரைவில் மூன்று எழுதினேன்.

ஒன்றில் இசோபே வணக்கம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறார். சபதம் சபதம்தான், மே மாதம் பார்க்கலாம். கண்ணியமான முடிவு. ஆனால் கண்ணியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எத்தனை மே மாதங்கள் காத்திருப்பார்?

இன்னொன்றில் இட்சுகோ கேட்கிறாள். அதை மிகவும் ஆசையாக எழுதினேன். ஆனால் அவள் கேட்கமாட்டாள். அவர் மேல் விருப்பமில்லை என்பதில்லை. அவர் வந்தபோது நாற்காலி எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பதை நீங்களும் பார்த்தீர்கள். அவளுடைய தடை வேறு. அவரோடு சேர்ந்துவிட்டால், பிறகு அவள் அவருடைய டிரைவுக்கு எந்த இடம் கொடுத்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். முதலிடம் கொடுத்தால் வீட்டுக்காரருக்காக என்பார்கள். கடைசியில் போட்டால் வீட்டில் சண்டை என்பார்கள். முட்டை ஓட்டைக்கூட வாங்காமல் அவள் சேர்த்துவைத்த பெயர் அது. அதைக் கொடுத்துத்தான் அவரை வாங்க வேண்டும் என்றால், அவள் வாங்கமாட்டாள். அவர் அப்படி வாங்கச் சொன்னால், அவர் மேல் அவளுக்கு இருக்கும் மதிப்பும் போய்விடும்.

இசோபேக்கும் அது இப்போதுதான் உறைத்தது. முதலிடம் வந்த நாளில் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? முதலிடம் கொடுத்தவளை முதலிடம் வாங்கியவன் கேட்பதா? அவர் காத்திருந்த நாள்தான், கேட்கவே கூடாத நாள். அதைப் புரிந்துகொண்டபோது அவருக்கு வெட்கமாக இருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டாம் இடத்தில், சிவப்பு அம்புக்குறிக்குக் கீழே, இன்றைக்குத்தான் அவர் சுத்தமாக நிற்கிறார்.

மூன்றாம் முடிவுதான் இது. அதிலும் பாதிதான் எழுதுவேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால், அது எனக்குப் பிடித்த பதிலாக இருக்குமே தவிர அவளுடைய பதிலாக இருக்காது. அவளை இவ்வளவு தூரம் அறிந்த பிறகு, அவளுக்காக நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம். அவளைப் போலவே, யாருக்கும் சலுகை கொடுக்காமல் சொல்லுங்கள்.

“இசோபேசான், ரயிலுக்கு நேரமாகலையா?”

“ஒண்ணு கேக்கணும்.”

“அடுத்த மே மாசம் முனகலைன்னா பாக்கலாம்.”

“டிரைவ் விஷயம் இல்ல. இல்ல, டிரைவ் விஷயமும்தான்.” அவர் கோட்டைக் கையில் மாற்றிப் பிடித்தார். காது சிவந்துவிட்டது. மற்ற மேஜைகளில் இருந்தவர்களுக்குக் கேட்குமே என்கிற கவலை வந்தது, போனது. கேட்கட்டும். “உங்க பக்கத்துல, கீழ, சின்ன எழுத்துல ஏதாவது போடுவீங்கல்ல? குறிப்பு மாதிரி?”

“போடுவோம். வாசகர்களுக்குத் தெரியவேண்டியது எதுவா இருந்தாலும் போடுவோம்.”

“அப்போ இனிமே கீழ சின்ன எழுத்துல, ‘இதைச் செஞ்சவர் என் வீட்டுக்காரர்’னு போடுங்க. மேல பெரிய எழுத்துல, ரெண்டாவதுன்னு பட்டா ரெண்டாவதுன்னே போடுங்க. ஒன்பதாவதுன்னாலும் போடுங்க. நான் அந்தப் பக்கத்தை எடுத்துட்டுப் போய் ஊரெல்லாம் காட்டுவேன். கொதானிசான், அந்தச் சின்ன எழுத்துக்காகத்தான் கேக்கறேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?”